ஓரம் வெட்டப்பட்ட பிரபுக்கள்

விசாலாட்சி போய்விட்டார் என்று அவர் மகன் கார்த்திக் டெல்லி துவாரகாவிலிருந்து போன் செய்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல, ஒரு கத்தரிக்கோல். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது.

டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் பழைய அச்சுப்படப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே பதவியில் இருந்தோம். அவர் பொறுப்பில் இருந்தவை மெஸோடின்ட் படங்கள். செப்புத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் அச்சில் வெறும் கறுப்புதான் விழும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் பிறகு சுரண்டி வழவழப்பாக்குவார்கள். ஆங்கிலேயப் பிரபுக்களின் முகங்கள் அப்படித்தான் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. மாளிகையில் ஒற்றை ஓவியமாக இருந்த பிரபுவை அவருடைய கட்சிக்காரர்கள் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் கொண்டுபோனது இந்த அச்சுதான்.

விசாலாட்சிக்குப் பிரபுக்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. "தலைல பொய்முடி, அதுல மாவு வேற. மொறைப்புக்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்பார். அவர் பார்ப்பது படத்தின் அடி ஓரத்தை. "பிரபு பேரு சரித்திரத்துல கெடக்கும், சார். தகட்டைச் சுரண்டுனவன் பேரு இந்த வலது மூலைல மட்டுந்தான் இருக்கு."

மகனுக்குக் காய்ச்சல் என்று அவர் லீவு போட்ட ஒரு நாள், வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், வரவேற்பறையில் நாலு பிரபுக்களை மாட்டுங்கள், ஜல்தி என்றார் அதிகாரி. கைவசம் இருந்த சட்டங்கள் சிறியவை. அடி ஓரங்களை வெட்டினேன். அளவு கச்சிதமாக வந்ததில் எனக்குப் பெருமைகூட. வந்தவர்களில் ஒருவர் விஷயம் தெரிந்தவர். இவற்றைச் செதுக்கியவர்கள் யார், ஓரம் எங்கே என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அலமாரி விசாலாட்சியின் பொறுப்பு என்பதால் அது அவர் பெயருக்கு வந்தது. அதிகாரிக்கும் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். விசாலாட்சி என்னைப் பார்த்தார். நான் ஃபைலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தன் பொறுப்பில் நடந்த தவறு என்று எழுதிக் கொடுத்தார். அந்த வருடப் பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும் கோல் மார்க்கெட்டில் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போய், வெட்கமில்லாமல் எத்தனையோ முறை காபி குடித்திருக்கிறேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்ற அன்று ஒரு கவரை என்னிடம் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும், சார்." குப்பைக் கூடையிலிருந்து அவர் பொறுக்கி எடுத்து வைத்திருந்த நாலு காகிதக் கீற்றுகள் உள்ளே இருந்தன. வலது மூலைப் பெயர்கள் அழியாமல் இருந்தன.

மயானத்தில் கார்த்திக் கேட்டான். "அங்கிள், அம்மா ஏதோ படத்த கட் பண்ணிட்டாங்க, அதான் ப்ரமோஷன் போச்சுன்னு ஆபீஸ்காரங்க சொல்றாங்க. நிஜமாவா?"

அதெல்லாம் பழைய கதை என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கவர் மட்டும்தான். கார்த்திக் டெல்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கவரை எடுத்துக்கொண்டு துவாரகாவுக்குப் போகிறேன். வெட்டியவன் நான் என்ற இந்த வரியை அவனுக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டும்.