மாப்பிள்ளையின் பேனா

இந்தப் பத்திரிகைக்கு வாராவாரம் எழுதுகிற நான், போன வாரம் முழுக்க ஒரு பேனாவோடு மல்லுக்கட்டினேன். கீறியது, திக்கியது, திடீரென்று மை கக்கியது. உதறிப் பார்த்தேன். வேட்டிதான் பாழாயிற்று.

பேனா என்னுடையதல்ல. தங்கை செல்லத்தின் புருஷனுடையது. அவர் ரங்கூனில் ஒரு மரக்கடையில் குமாஸ்தா. லீவில் வந்தவர், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டுப் போனார். அப்புறம் அங்கே குண்டு விழுந்தது... கடிதமும் நின்றது. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. என் பேனா உடைந்ததும், "சும்மாதான கெடக்கு, எடுத்துக்கண்ணே" என்று செல்லம்தான் கொடுத்தாள். யுத்த காலத்தில் புதுப் பேனாவுக்கு எங்கே போவது?

தெற்குமாசி வீதியில் பேனா ரிப்பேர் செய்யும் ராவுத்தரிடம் கொண்டுபோனேன். வெந்நீரில் அலசினார். நிப்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பேனாவுல கொறை இல்லண்ணே. நிப்பு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. இத வச்சிருந்தவரு உள்பக்கமாச் சாச்சு, அழுத்தி எழுதுவாரு. உரசி உங்க கைக்குக் கொண்டாந்துரலாம். ஆனா அவரு கை போயிரும்."

மாப்பிள்ளை வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? உரச வேண்டாம் என்றேன்.

"அப்ப அவரு மாதிரியே புடிங்க" என்று பேனாவைத் திருப்பி என் விரலிடுக்கில் வைத்தார்.

பேனா கையில் கிடைத்தால் நாம் முதலில் என்ன எழுதுவோம்? பிள்ளையார் சுழிதான். போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது — வால் மட்டும் தடித்து நீண்டு. நான் அப்படிப் போடுவதில்லையே... எழுதுகிற சந்தோஷத்தில் அதை யோசிக்கவில்லை.

பையிலிருந்த போஸ்ட் கார்டை எடுத்துச் செல்லத்துக்கு ஒரே வரி எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்." கீழே பெயர் போடவில்லை. என் எழுத்து அவளுக்குத் தெரியாதா?

ஞாயிறு மதியம் திருப்பரங்குன்றத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பெரிய கோலம். உள்ளே கறிக்குழம்பு வாசனை. செல்லம் கல்யாணப் பட்டு உடுத்தியிருந்தாள். கூடத்தில் ஒற்றை இலை. என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவுக எங்கண்ணே? ஸ்டேசன்லருந்து நீதான கூட்டிட்டு வாரே?"

கார்டை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். அது மாப்பிள்ளையின் எழுத்து. எழுதியதோ நான்.

பேனா, நிப்பு, ராவுத்தர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பேனாவை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அதே மாதிரி புடிச்சு இன்னும் ஒரு வரி எழுதுண்ணே. சௌக்கியமா இருக்கேன்னு."

மறுக்க எனக்கு மனசு வரவில்லை. கார்டின் அடியில் எழுதினேன். என் கை நடுங்கியது. எழுத்து நடுங்கவில்லை.

கார்டையும் பேனாவையும் சாமி படத்தடியில் வைத்தாள். "இனிமே இத நீ தொடாதண்ணே. அவுக வந்து எழுதட்டும்" என்றாள். எனக்கு அடுக்களையில் வேறு இலை போட்டாள். கூடத்து இலை அப்படியே கிடந்தது.

இரவல் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். இரவல் வாங்கியவன் கதி என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அச்சுக் கோக்கிறவர் மன்னிக்க வேண்டும் — இந்த வாரம் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.