அப்பாவின் மருதமரமும் சித்தப்பாவின் வேட்டும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இதை எழுத உட்கார்ந்தபோது சித்தப்பா போனில் கூப்பிட்டு, "ஏ பிள்ள, நல்லதை மட்டும் எழுது, என்னா? நாலு பேரு படிப்பாவ" என்றார். அப்பாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அப்பா களக்காட்டில் வாழை பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். தாத்தா தோப்பில் வலை கட்டி வவ்வால்களைப் பிடித்து அடிப்பாராம். வலையில் சிக்கியதை எடுத்துப் போடுவது அப்பாவின் வேலை. "மூஞ்சி நாய்க்குட்டி மாதிரி இருக்கும். நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்" என்று அப்பா சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

தாத்தா சீக்கிரமே காலமானதால் அப்பாவின் படிப்பு பாதியில் நின்றது. தம்பியாவது படிக்கட்டும் என்று விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்து நூல் மில்லில் சேர்ந்தார்கள். சித்தப்பா பட்டம் வாங்கி அரசு வேலையில் உட்காரும்வரை அப்பா தமக்கென்று நல்ல சட்டை எடுத்ததில்லை என்று அம்மா சொல்வார்கள். மில் இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாயிற்று. வாய்க்கால் கரையில் மனை வாங்கியபோது, பின்மனையைத் தம்பிக்கென்று வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். எங்கள் மனையின் தெருவோர மூலையில், பின்மனைக்குப் போகும் வழியை மறித்து நிற்கும் மருதமரம் அப்போதே பெரிய மரம்.

அப்பா ஓய்வு பெற்ற சமயத்தில் ஊருக்கு வெளியே சாலையை அகலப்படுத்த ஓர் ஆலமரத்தை வெட்டினார்கள். அதில் தொங்கிய பழந்தின்னி வவ்வால்கள் இடமில்லாமல் அலைந்தன. வீட்டுக்குச் சம்பந்தி வரப்போவதுபோல அப்பா ஏற்பாடு செய்யத் தொடங்கினார்கள். மருதமரத்தடியில் எரிந்த ட்யூப்லைட்டைக் கழற்றினார்கள். துணிக்கொடியை இடம் மாற்றினார்கள். மாமரத்தின் உச்சிப் பழங்களைப் பறிக்கக் கூடாது என்றார்கள். வேலியோரம் அத்திக் கன்று நட்டார்கள். மரத்தடியில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு வேறு. காது கேளாதவர் வீட்டில் சத்தம் போடாமல் எப்படிப் பேசுவது என்று அம்மா கேட்டது நியாயம்தான்.

முதலில் ஒன்றிரண்டு வந்து தொங்கின. இரண்டு மழைக்காலம் போவதற்குள் மரம் நிறைந்துவிட்டது. சாயங்காலம் அவை கிளம்பும்போது அப்பா மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வாய்க்காலுக்கு மேலே தாழப் பறந்து, நெஞ்சை நனைத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி மலைப்பக்கம் போகும். "காட்டுக்கு விதை கொண்டு போகுதுவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்கள்.

பூச்சி தின்னும் சின்ன வவ்வாலையும் அழைக்க ஆசைப்பட்டு, ஒரு தட்டைப் பெட்டி செய்து, வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டினார்கள். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. வழவழப்பில் அதன் நகம் எதைப் பிடிக்கும்? அடுத்த பெட்டியைப் பழைய கதவுப் பலகையில் செய்து, உள்பக்கத்தை உளியால் சொரசொரப்பாக்கி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, வெயில் படும் கிழக்குச் சுவரில் உயரமாக மாட்டினார்கள். அதில் குடி வந்தன. "கொசு கொறஞ்சுதோ இல்லியோ, ஒங்க அப்பா பேச்சு கூடிட்டு" என்று அம்மா சிரிப்பார்கள்.

எதிர்வீட்டில் மளிகைக்கடை அண்ணாச்சி. அவருக்கும் அப்பாவுக்கும் வவ்வாலால் தினமும் சண்டை. "வே, எம் மாடியில வத்தல் காயப்போட முடியல. எல்லாம் எச்சம். ஒமக்குக் காது கேக்காது, ராத்திரி கீச்சுகீச்சுன்னு நாங்கல்லா சாவுதோம்!" என்பார். அப்பா வாளியும் துடைப்பமுமாய்ப் போய் அவர் மாடியைக் கழுவிவிட்டு வருவார்கள். வவ்வாலால் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்தபோது தெருவே பயந்தது. கடித்துப்போட்ட பழத்தை யாரும் தின்னக் கூடாது, கீழே விழுந்த வவ்வாலை வெறுங்கையால் தொடக் கூடாது என்று அப்பா வீடு வீடாகச் சொன்னார்கள். தொந்தரவு செய்யாமல் இருந்தால் அது நம் பக்கமே வராது என்றும் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் முறுக்கு கொண்டுபோய், வெடி வேண்டாம், மத்தாப்பு மட்டும் போதும் என்று கேட்பார்கள். தெரு அதை வழக்கமாகவே ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சி முறுக்கையும் தின்றுகொண்டு முணுமுணுப்பார், ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைகள் வெடி போட்டதில்லை.

நெஞ்சுச் சளி முற்றி அப்பா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூச்சு முட்டும். பேசவே சிரமம். அது பங்குனி மாதம், வவ்வால்கள் குட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு தொங்கும் காலம். சித்தப்பா பார்க்க வந்த அன்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"லே, என்னைத் தூக்கும்போது வேட்டு போட்ராதீங்க. எல்லாம் குட்டியோட கெடக்கு."

"உங்க மேல சத்தியம்ணே. ஒரு வேட்டு சத்தம் கேக்காது" என்றார் சித்தப்பா. அப்பாவுக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகவே சொன்னார். அந்த வார்டு முழுவதும் கேட்டது. அப்பா அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்பாவை எடுத்த அன்று நடுப்பகல். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து முடித்ததும் பாடையைத் தூக்கினார்கள். சித்தப்பாவின் கார் டிக்கியிலிருந்து வெடிப்பெட்டிகள் இறங்கின. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "கலியாணச் சாவுல்லா பிள்ள! வேட்டு இல்லாம எடுத்தா ஊரு என்ன சொல்லும்? அண்ணனுக்கு மரியாதை வேண்டாமா?" என்று என் கையை உதறினார். பிறகு மருதமரத்துக்கு நேர் கீழே சரவெடியை விரித்தார்கள்.

மரம் மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பியது. வெயிலில் திசை தெரியாமல் ஒன்றோடொன்று மோதின. தாயிடமிருந்து நழுவிய குட்டிகள் பாடைக்கு முன்னால் தெருவில் விழுந்தன. அப்போது ஒரே ஒருவர்தான் குறுக்கே விழுந்தார், எதிர்வீட்டு அண்ணாச்சி. "ஏலே, நிறுத்துங்கலே! மனுசன் கேட்டது அது ஒண்ணுதானலே!" என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, உயிரோடிருந்த குட்டிகளை எடுத்துக் கிளையில் தொற்றவைத்தார். தாய்கள் வரவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லாததால் நானும் அம்மாவும் அந்தக் குட்டிகளோடுதான் வீட்டில் இருந்தோம். மறுநாள் அவற்றை அத்திமரத்தடியில் புதைத்தோம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல் பிரிக்குமுன்பே சித்தப்பா ஒரு மர வியாபாரியோடு வந்தார். "வவ்வாலும் போயிட்டு, இனி மரம் எதுக்கு? குடுத்துட்டா பின்மனைக்கு நல்ல பாதை கெடைக்கும்" என்றார். சத்தியத்தை மறந்து வேட்டுப் போட்டாரா, பாதையை நினைத்துக்கொண்டே போட்டாரா என்று நான் இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். எதுவாக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அவர் அப்பாவின் தம்பி மட்டுமல்ல, அப்பா வளர்த்த பிள்ளை.

அம்மா வியாபாரியைப் பார்த்து, "மரம் விக்கதுக்கு இல்ல. காப்பி குடிச்சிட்டுப் பைய கெளம்புங்க" என்றார்கள். சித்தப்பாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மனை அம்மா பெயரில் இருக்கிறது, மரமும் நிற்கிறது. சின்ன வவ்வால்கள் பெட்டியில் இருக்கின்றன. மருதமரத்துக்கு மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. போன வாரம் அண்ணாச்சி வேலியோரம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாடி சுத்தமா கெடக்கு தாயி. ஏறவே மனசு வரல" என்று சொல்லிப் போனார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த மில் நண்பர்களுக்கும், தீபாவளிக்கு வெடிக்காத எங்கள் தெருவுக்கும், வெடிக்கு நடுவே நின்ற அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம் பெயரையும் இந்த வரிசையில் போடச் சொல்லி சித்தப்பா கேட்டிருக்கிறார். நினைவு நாளுக்கு அவரும் வரட்டும், இலையில் உட்கார்ந்து சாப்பிடட்டும், அது அப்பாவின் வீடு. நன்றி மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அப்பா தம்பிக்கு ஆயுள் முழுவதும் செய்தார்கள். பதிலுக்கு எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைச் செய்யாமல் இருக்கச் சொன்னார்கள். சும்மா நின்றிருந்தால் போதும், சித்தப்பா.