ஆரணிப் பட்டு இன்டர்நெட்டில் ஏறிய கதை

புடவைக் கடையில் நிற்கிறவர்களுக்கு முதலில் தேய்வது முழங்கால், அடுத்தது 'உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க' என்கிற வார்த்தை. காலையிலிருந்து நாற்பது புடவை பிரித்துக் காட்டி, கடைசியில் 'வூட்ல கேட்டுகினு வரோம்' என்ற பதிலை வாங்கி மடித்து வைத்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆரணி கடைத்தெருவில் ஒரு சின்னப் பட்டுக்கடையில் நானும் செல்வியும் வேலை செய்தோம். முதலாளி பெயர் தனபால். 2008 வாக்கில் மாடி மாடியாகப் பெரிய கடைகள் வந்து, கல்யாணக் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. "தை மாசம் வரைக்கும் பாக்கறேன். அப்பறம் கடைய மூடிடலாம்னு இருக்கேன், வேற எடம் பாத்து வெச்சுக்கோங்க" என்று முதலாளி எங்களிடம் சொல்லியே விட்டார். அப்போதுதான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவருடைய மகள் சுதா, "கடையை வீடியோ எடுத்து இன்டர்நெட்ல போடுங்கப்பா, செலவில்லாத விளம்பரம்" என்றாள்.

நாலாவது நிமிஷத்தில் புடவை

வீடியோ எடுக்க வந்தவர் பாஸ்கர். எங்கள் தெருவில் முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கல்யாண வீடியோவில் கைதேர்ந்தவர்.

முதலாளி வரிசை சொன்னார். முதலில் பிள்ளையார். அடுத்து மாலை போட்ட அவருடைய அப்பா படம். பிறகு கற்பூர ஆரத்தி. பிறகு முதலாளியே கைகூப்பிக்கொண்டு கேமராவைப் பார்த்து மெதுவாக நடந்து வருவார். பாஸ்கர் தன் பங்குக்கு மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்ட வைத்து, முதலாளி முகத்தை ஒரு இதய வடிவத்துக்குள் சுற்ற விட்டார். முதல் புடவை வந்தபோது நாலாவது நிமிஷம்.

முதலாளி இதைப் போனில் பெருமையாகச் சொன்னதும் சுதா, "அப்பா, புடவை வர்றதுக்குள்ள யாரா இருந்தாலும் ஓடிடுவாங்க. முன்னாடி இருக்கறதெல்லாம் வெட்டச் சொல்லுங்க" என்றாள். முதலாளிக்கு வந்ததே கோபம். "கடைக்கு வர்றவங்க வெளியே செருப்ப கழட்டி வெச்சுட்டு, சாமி கும்புட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டுத்தானே புடவை பாக்கறாங்க? கம்ப்யூட்டர்ல வர்றவங்களுக்கு மட்டும் இன்னா ஜல்தி?"

வெளியே காத்திருந்தவர்கள்

எடுத்த வீடியோவை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். பாஸ்கர் கடையில் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது. திரையில் ஒரு நீலக்கோடு எறும்பு போல ஊர்ந்தது. முதலாளிக்கு உட்கார முடியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை என்னை அனுப்பி, "எவ்ளோ ஏறிச்சு பாத்துகினு வா" என்றார். பதினெட்டு சதவீதம், இருபத்தாறு, நாற்பது என்று நான் போய்ப் போய் வந்து சொன்னேன். தொண்ணூற்றொன்றில் கரண்ட் போயிற்று. திரும்ப வந்ததும் கோடு பூஜ்யத்தில் நின்றது.

மறுநாள் முதலாளியே வந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, ஸ்டூலில் உட்கார்ந்தார். நான், செல்வி, பாஸ்கர் மூன்று பேரும் பின்னால் நின்றோம். கோடு எண்பதைத் தாண்டியதும் செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மகளுக்கு ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்த ஒருவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, சத்தம் வராமல் கேட்டார்: "யாருக்குங்க ஆபரேஷன்?"

நாற்பத்து மூன்று பேர்

பத்து நாளில் நாற்பத்து மூன்று பேர் பார்த்துவிட்டார்கள் என்று திரையில் எழுதியிருந்தது. முதலாளி டீக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், எதிர்க்கடைக்காரரிடம் வேண்டுமென்றே போய்ச் சொன்னார். ஆனால் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் பாஸ்கர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க தெனமும் காலைல ரெண்டு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி வந்து பாக்கறீங்க இல்ல? அதுவும் அந்தக் கணக்குலதான் சேருது. அதுல முப்பது நீங்கதான். சுதா ஒரு அஞ்சு."

நான் மூன்று முறை, செல்வி இரண்டு முறை என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். முதலாளி முகம் விழுந்துவிடும் என்று பயந்தேன். அவரோ விரல் விட்டுக் கழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அந்த மிச்சம் மூணு பேரு யாரு? அட்ரஸ் குடு, நானே போய் பேசிடறேன்."

போளூரிலிருந்து ஒரு போன்

சுதா ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பிள்ளையாரையும் ரோஜாப்பூவையும் வெட்டி எடுத்தாள். "விஜயாக்கா கடைல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே பேசட்டும்" என்றாள். விஜயா என்றால் நான். நான் செல்விக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முப்பத்து நாலு வயதில் கேமரா முன்னால் நிற்க வைத்தால் வேறு என்ன செய்வது? "கேமராவ கஸ்டமரா நெனச்சுக்கோங்க" என்றார் பாஸ்கர். நான் நினைத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில், "வாங்க, உக்காருங்க, எந்த ரேஞ்ச்ல பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சுதா அதை வெட்ட விடவில்லை. பிறகு ஒரு மயில்கழுத்துக் கலரையும், அரக்கு பார்டர் போட்ட ஒரு பச்சையையும் தோளில் போட்டுக் காட்டினேன்.

அந்த வீடியோ ஏறிய நாலாம் நாள் கடை போன் அடித்தது. போளூரில் ஒரு அம்மா. மகன் வேலை செய்யும் ஆபீஸில் வீடியோவைக் காட்டினானாம். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். "அந்தப் புடவை காட்டற பொண்ணு யாருங்க? லட்சணமா இருக்குது. எங்க பையனுக்குப் பாக்கறோம், ஜாதகம் கெடைக்குங்களா?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி தொண்டையைக் கனைத்து, "அம்மா, அதுக்குக் கல்யாணமாகி ரெண்டு கொழந்த இருக்குதுங்க" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி வுடுங்க. அந்தப் பச்சைப் புடவையாவது காலியா இருக்குதா?"

எங்கள் வீடியோவால் விற்ற முதல் புடவை அது.

கலர்

வேலூரிலிருந்து ஒரு அம்மா, வீடியோவில் வந்த மயில்கழுத்துக் கலரைக் கேட்டு வந்தார். அதே புடவையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். "இது இல்ல, அது நல்ல நீலமா இருந்துச்சு" என்றார். முப்பது புடவை பிரித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டல். கடைசியில் அவரை பாஸ்கர் கடைக்கு அழைத்துப்போய், திரைக்குப் பக்கத்தில் புடவையைப் பிடித்துக் காட்டினேன். பாஸ்கரின் பழைய மானிட்டர் எல்லாவற்றையும் நீலமாகத்தான் காட்டும். அதில் என் முகமே நீலம். அந்த அம்மா புடவையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி புடவையைப் பார்த்தார். "தப்பு உங்க மேல இல்லம்மா. இந்தக் கம்ப்யூட்டர் காட்டற கலர்லயே ஒண்ணு நெய்யச் சொல்லு, நான் வெயிட் பண்றேன்."

கமலா திருத்திச் சொன்னது

அடுத்தது தறி வீடியோ. எங்கள் கடைக்கு நெய்து கொடுக்கிற முருகேசன் வீட்டுக்குப் போனோம். முருகேசன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கமலாவைக் கேமராவில் விழாமல் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். அந்தத் தறியில் பாதி நெசவு கமலாவுடையது என்று எனக்குத் தெரியும். "அவங்களும் பக்கத்துல உக்காரட்டும்" என்றேன். "அதெல்லாம் எதுக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே கமலா வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு புடவை முடிக்க எத்தினி நாள் ஆவும்?" என்று நான் கேட்டேன். முருகேசன் கேமராவைப் பார்த்து மிடுக்காக, "அஞ்சு நாள்ல முடிச்சிடுவேன்" என்றார். கமலா சும்மா இருந்தால்தானே? "கேமராக்காரரே, அத அழிச்சிடுங்க. எட்டு நாளு. அதுல ரெண்டு நாளு இவரு டீக்கடைல பேசிகினு இருப்பாரு, தறி நான்தான் ஓட்டுவேன்."

கண்ணாடி முன்னால்

பாஸ்கர் அழிக்கவில்லை. அந்த வீடியோவைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்தவர் எண்ணிக்கை நூறைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டிப் போனது. முதலாளியால் தனியாக அவ்வளவு பார்க்க முடியாது என்பதால் நம்பினோம். போனில் கேட்டவர்கள் எல்லாம் "அந்தச் சண்டை போடற அம்மா நெய்ஞ்ச புடவை இருக்குதா?" என்றார்கள்.

தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு, சேத்துப்பட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. கல்யாணப் பெண், அவள் அம்மா, சித்தி, அத்தை என்று ஒன்பது பேர். பெண்ணின் அண்ணன் பெங்களூரில் வீடியோ பார்த்துவிட்டு அனுப்பியிருந்தான். முகூர்த்தப் புடவை கமலா நெய்ததாகத்தான் இருக்க வேண்டும், கமலாவையும் பார்க்க வேண்டும் என்றார்கள். முதலாளியே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவளை அழைத்து வந்தார்.

கமலா வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே கண்ணாடி முன்னால் அந்தப் பெண் கமலா நெய்த அரக்குப் புடவையைத் தோளில் போட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், நல்ல உடம்பு. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கமலா புடவையின் முந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவர்கள் முகூர்த்தப் புடவையோடு இன்னும் எட்டுப் புடவை எடுத்தார்கள். முதலாளி பில் போடுவதை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "தை மாசம் லீவ் கீவ் கேக்காதீங்க" என்றார். கடையை மூடமாட்டார் என்பதை அவர் சொன்ன விதம் அது. செல்வி என் கையைக் கிள்ளினாள்.

வேன் கிளம்பிப் போன பிறகு, "இன்னா கமலா, ஒண்ணுமே பேசல?" என்று கேட்டேன். "இத்தினி வருசமா நெய்யறேன், நான் நெய்ஞ்சத ஒருத்தங்க கட்டி இன்னிக்குத்தான்கா பாக்கறேன்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேன் போன திசையைப் பார்த்தாள். "பொண்ணு இவ்ளோ உயரம்னு முன்னாடியே சொல்லியிருந்தா, முந்திய இன்னும் ஒரு சாண் நீட்டியிருப்பேன்!"

இன்டர்நெட்டில் வீடியோ போட்டால் உலகமே கடைக்கு வரும் என்றார்கள்; வந்தது, வந்து உட்கார்ந்து, "வேற டிசைன் காட்டுங்க" என்றது.