தூணருகே உயர்ந்த கை

அந்தத் தறிக்கூடத்தில் அவளை எல்லாரும் ரேடியோ அக்கா என்றே அழைத்தார்கள். இத்தனைக்கும் அவள் வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஒரு நாளில் அவள் சொல்லும் சொற்களை ஒரு சின்னச் சம்படத்துக்குள் போட்டு மூடிவிடலாம். ஆனால் நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒருசேர அடித்துக்கொள்ளும் இடத்தில் வாய்க்கு என்ன வேலை? அங்கே கைகள்தாம் பேசின. கூடத்தின் ஒரு முனையில் கிளம்பும் செய்தி கைமாறிக் கைமாறி மறுமுனைக்குப் போய்ச் சேரும். அவளுடைய தறி நட்டநடுவில், மூன்றாம் தூணுக்கு எதிரே இருந்தது. யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தேநீர் வந்துவிட்டதா என்பன எல்லாம் அவள் விரல்களைத் தொடாமல் அந்தப் பக்கம் போனதில்லை.

கடைவீதியிலும் அந்தப் பழக்கம் அவளை விடாது. விலை அதிகம் என்பதற்கு அவள் கையை அசைப்பாள். “ஏம்மா, என் கடையில ஈயே இல்லையே, எதை ஓட்டுறே?” என்று கடைக்காரர் கேட்பார்.

வீட்டிலும் அதே மொழிதான். அவளுடைய கணவர் அதே கூடத்தில் நெய்தவர். காதுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். இப்போது அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவர்களுக்குள் சண்டை நடந்தால் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. சண்டை முற்றினால் கணவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். அத்தோடு அவள் தரப்பு வாதம் முடிந்துவிடும்.

தொழிற்சங்கத் தலைவரும் நெசவாளிதான். வேலைக்கு நடுவே மூன்றாம் தூணில் தோளைச் சாய்த்துச் சற்று நேரம் நிற்பது அவர் வழக்கம். குறை உள்ளவர்கள் அந்தத் தூணை நோக்கிக் கையசைப்பார்கள். அவர் இடக்கையால் பதில் சொல்வார். அப்படி நிற்கும்போது வலக்கை சட்டைப் பைக்குள் இருக்கும். அதில் மூன்று விரல்களை இளம்வயதிலேயே தறி கொண்டுபோயிருந்தது. ரேடியோ அக்கா வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழைய கதை.

அவர்களுடைய செய்கைகளில் கனமானது ஒன்று உண்டு. உயர்த்திய உள்ளங்கையை மெல்ல மூடினால், ‘நிறுத்து’ என்று பொருள். அதைத் தலைவர் மட்டுமே தொடங்கலாம். பார்த்தவர் தம் தறியை நிறுத்திவிட்டு அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை.

ஒரு பிற்பகலில் அந்தத் தலைவர் தூணடியிலேயே சரிந்து இறந்துபோனார். அவர் விழுந்த ஓசை ஒருவருக்கும் கேட்கவில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்த ரேடியோ அக்காதான் முதலில் பார்த்தாள். அவள் அலறினாள், அந்த அலறலும் கேட்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து உடல் இடுகாட்டுக்குப் போகும் நாளில் விடுப்பு இல்லை என்று ஆலை மேலாளர் சொல்லிவிட்டார். சரக்கு அனுப்ப வேண்டுமாம். ஊர்வலமும் ஆலைச் சாலையில் வரக் கூடாது, கால்வாய்க்கரையைச் சுற்றிப் போக வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்.

“பார்த்தியா அக்கா? உசிரோட இருந்தப்போ அவர் ஆலை கேட்டுக்கு முன்னால நின்னா பயம். இப்போ கேட்டு வழியாத் தூக்கிட்டுப் போனாலும் பயம்” என்றார், தறிகளுக்கு எண்ணெய் போடுபவர், தண்ணீர்க் குழாயடியில்.

“மெதுவாப் பேசு தம்பி. விசில்காரர் பார்க்கிறாரு.”

“பார்க்கட்டுமே. அவருக்கு வாயில விசிலாவது இருக்கு. நமக்கு வாயே இல்லையே!”

விசில்காரர் என்பது மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர். உயரமான இரும்பு மேடையில் நின்று, கழுத்தில் தொங்கும் விசிலை ஊதியே கூடத்தை ஆண்டவர் அவர். தொழிலாளரின் கைமொழியில் அவர் ஒரு சொல்லும் பேசி யாரும் கண்டதில்லை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டிருந்தார்.

அன்றைக்கும் தறிகள் ஓடின. வெயிலுக்காகச் சன்னல்களுக்குச் சாயம் பூசியிருந்ததால் வெளியே பார்க்க வழியில்லை. பலர் அழுதுகொண்டே நெய்தார்கள். மதியத்துக்குப் பின், ரேடியோ அக்கா நூல் தீர்ந்த நாடாவை மாற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

மூன்றாம் தூணின் நிழலில் ஒரு கை உயர்ந்திருந்தது. அது மெல்ல மூடிக்கொண்டது.

நினைக்கத் தொடங்குமுன் அவள் தன் தறியை நிறுத்தியிருந்தாள். அவளுடைய கையும் உயர்ந்து மூடியிருந்தது. மழை ஓய்வதுபோல் வரிசை வரிசையாக ஓசை விலகிப் போயிற்று. கடைசித் தறியும் நின்றபோது, பகல் வேளையில் அவர்கள் கேட்டே அறியாத அமைதி கூடத்துக்குள் வந்து நின்றது. சிலர் செவிகளைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சுத்தூசி மட்டும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் காலடிகள் கேட்டன. குரல் இல்லை; அழுகை இல்லை. நூறு நூறு பேர் ஒரே சீராக நடந்து போகும் ஓசை. தூக்கிச் சென்றவர்கள் கடைசி நொடியில் கால்வாய்க்கரையை விட்டு ஆலைச் சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். அது அவர்களுக்கே முன்னால் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

காலடிகள் தேய்ந்து மறையும்வரை ஒருவரும் அசையவில்லை. விசிலும் ஒலிக்கவில்லை.

மறுநாள் மேலாளரின் உத்தரவு வந்தது: முதலில் கை காட்டியவருக்கு வேலை போகும். விசில்காரர் தறி தறியாக நடந்தார். “யாரைப் பார்த்து நிறுத்தினே?” ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரைச் சுட்டினார். வேறு வழி இல்லை, அது உண்மை. கடைசியில் எல்லாச் சுட்டுவிரல்களும் ரேடியோ அக்காவிடம் வந்து நின்றன.

“நீ யாரைப் பார்த்தே?”

அவள் தூணைப் பார்த்தாள். நாளைக் காலை மேலாளர் அறைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மாலையில் எண்ணெய்க்காரர் அவள் கூடவே நடந்து வந்தார். “தலைவரைப் பார்த்தேன்னு சொல்லிடு அக்கா. செத்தவரை எப்படி டிஸ்மிஸ் பண்ணுவாங்க?”

“விளையாடாதே தம்பி.”

“விளையாட்டு இல்லக்கா. அந்தத் தூண் பக்கம் எண்ணெய் போட நான் இன்னைக்குப் போகவே இல்ல. கால் வரலை.”

விஷயம் வீட்டுக்கும் எட்டியிருந்தது. கணவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் வீடு என்னாகும் என்று அவர் கேட்கவில்லை. இரு கைகளையும் விரித்து, ‘யார்?’ என்று மட்டும் கேட்டார். தலைவர்தான் என்று சொல்ல அவளுடைய கை எழுந்தது, பாதியில் நின்றது. அவள் பார்த்தது தலைவரின் கையைப்போல் இல்லை. அவர் அப்படிக் கை காட்டியதே இல்லை. ‘யார்?’ என்று கணவர் மறுபடியும் கேட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

காலையில், மேலாளர் அறைக்கு ஏறும் இரும்புப் படியில் விசில்காரர் அவளுக்காகக் காத்திருந்தார்.

“உள்ளே போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு சொல்லும்மா. நீயாக் காட்டினியா?”

“இல்லைங்க.”

“அப்போ யாரு?”

“தெரியலைங்க.”

“ஊர்ச் செய்தி பூரா உன் கையில ஓடுது. இது மட்டும் தெரியலையா?”

“தலைவர்னு சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். ஆனா அது பொய்யாயிடும்ங்க. அவரு இடது கையாலதான் பேசுவாரு. நான் பார்த்தது வலது கை. அஞ்சு விரலும் இருந்துச்சு.”

விசில்காரர் படியின் கம்பியைப் பற்றிக்கொண்டார். கீழே தறிகள் இரைந்துகொண்டிருந்தன.

“சுண்டு விரல்?” என்றார்.

அவள் வலக்கையை உயர்த்தி மெல்ல மூடினாள். மற்ற விரல்கள் மடங்கிய பின்னும் சுண்டு விரல் மட்டும் விறைத்து வெளியே நின்றது.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உங்க தலைவன் சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்தான். அதுல மடங்காமப் போன விரல் அது. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்கு வந்தவங்க. அந்தக் கையை முழுசாப் பார்த்தவங்கள்ல இங்கே மிச்சம் நான் ஒருத்தன்தான். உனக்கு எப்படித் தெரியும்? நீ வர்றதுக்கு முன்னாடியே அந்த விரல் போயாச்சேம்மா.”

“நீங்களும் பார்த்தீங்களாய்யா?”

“மேடையிலேருந்து பார்த்தேன். விசிலை வாயில வெச்சேன். மூச்சு வரலை.” அவர் எழுந்தார். “நீ தறிக்குப் போ.”

“மேலாளர் கூப்பிட்டிருக்காரே...”

“போம்மான்னா!”

அவள் பாதிப் படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இரைச்சலில் வாழ்ந்தவர்கள் உதடுகளைப் படிக்கக் கற்றிருந்தார்கள். மேலாளரின் வாய் விரிந்து குவிந்தது: நீங்களா? விசில்காரர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, தாம் செய்தது இதுதான் என்று காட்டுவதுபோல, கையை உயர்த்தி மூடினார். நான்தான், என்றன அவருடைய உதடுகள். ரேடியோ அக்காவின் கண்களை நீர் மறைத்தது. அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை.

சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விசில்காரர் கூடத்தின் நடுவழியாக நடந்து வந்தார். தறிக்காரர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ரேடியோ அக்காவின் தறியருகே வந்ததும் அவர் நின்றார். அத்தனை ஆண்டுகளும் கைமொழியைத் தொடாத மனிதர், எழுதப் பழகும் குழந்தையின் தடுமாற்றத்தோடு கையை உயர்த்தி, ‘சரி, ஓடட்டும்’ என்று காட்டினார்.

அவள் அதை அடுத்த தறிக்குக் கொடுத்தாள். அது வரிசைகளைத் தாண்டிப் போயிற்று.

திரும்பி அவருக்குக் கும்பிடு போட நினைத்தவள் அப்போதுதான் கவனித்தாள்: அவர் அவளைப் பார்த்து நிற்கவில்லை. அவளைக் கடந்து, மூன்றாம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை மெல்ல அசைந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தவரைப்போல.

அவள் அந்தப் பக்கம் நிமிரவில்லை. அறுந்திருந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போடத் தொடங்கினாள்.