கேன்டீனில் சர்க்கரை இல்லாத காலை

தமிழாசிரியையான என்னை எதற்காகக் கேன்டீன் குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உயிரியல் ஆசிரியை இருந்தார். வேதியியல் ஆசிரியர் இருந்தார். முதல்வரிடமே கேட்டேன். "பெற்றோருக்குப் புரியற மாதிரி நீங்கதான் மேடம் எழுதுவீங்க" என்றார். எனக்கே புரியாததை நான் எப்படிப் பிறருக்குப் புரிய எழுதுவது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

எங்கள் பள்ளி திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற வழியில் இருக்கிறது. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. காற்று ஒரு பக்கம் அடித்தால் பெயிண்ட் வாசனை, மறுபக்கம் அடித்தால் கோழிப்பண்ணை வாசனை. இரண்டையும் மீறி, பதினொரு மணி இடைவேளையில் கேன்டீனிலிருந்து பஜ்ஜி வாசனை வரும். அதை நடத்தியவர் இளம்பிள்ளையிலிருந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்த ஓர் அக்கா. எங்களுக்கும் அக்கா, பிள்ளைகளுக்கும் அக்கா. பஜ்ஜி, பேக்கரியிலிருந்து வரும் பப்ஸ், தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைத்த செட், பாட்டிலில் கலர் சோடா என்று அவருடைய கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளியில் விற்கும் தின்பண்டங்களுக்கான விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும், ஆய்வுக்கு வருவார்கள் என்று அறிவிப்பு வந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்தவற்றைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. படித்தபோது நல்ல விதியாகத்தான் தோன்றியது. ஆறாம் வகுப்பிலேயே மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே அந்த ஆண்டுதான் சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இனிப்பு என்றாலே எனக்கு அப்போது பகையாளி.

குழப்பம் முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பப்ஸ் கூடாது, கலர் கூடாது, பஜ்ஜி கூடாது. இவற்றில் யாருக்கும் சந்தேகமில்லை. கடலை மிட்டாயில் வந்து மாட்டிக்கொண்டோம்.

"அது சத்துங்க" என்றார் அக்கா.

"வெல்லமும் சர்க்கரைதானே?" என்றார் முதல்வர். "கடலையில கொழுப்பு வேற இருக்குது. இல்லீங்களா மேடம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உயிரியல் ஆசிரியையைத் தேடினேன். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பெற்றோர் தரப்பில் வந்திருந்த ஒருவருக்கு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி மில். அவர் எழுந்து, "ஜவ்வரிசி வடையையும் வேண்டாங்கறீங்களே, நம்ம பக்கமே அந்த மரவள்ளிக் கெழங்குலதானுங்க சோறு திங்குது" என்றார். வடையை எண்ணெயில் பொரிப்பதுதான் சிக்கல், ஜவ்வரிசியின் மேல் ஒன்றுமில்லை என்று முதல்வர் விளக்கினார். "அப்ப ஜவ்வரிசிப் பாயாசம்?" என்று அவர் கேட்டார். மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கடைசியில், சந்தேகம் உள்ளது எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று முடிவானது. சுண்டல், அவித்த முட்டை, மோர், கொய்யாப்பழம். இவ்வளவுதான் மிஞ்சியது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால் எதற்கு வம்பு என்று முதல்வர் சர்க்கரை டப்பாவையே கேன்டீனிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். ஆசிரியர்களுக்கான டீ வெளியே கடையிலிருந்து பிளாஸ்க்கில் வந்தது. உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்த டேப்பைக் கொண்டுபோய் வாசலிலிருந்து அளந்தார். முன்வாசலிலிருந்தா, பேருந்து வரும் பக்கவாசலிலிருந்தா என்று ஒரு சர்ச்சை நடந்தது. எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் எதுவும் பேசாமல் தன் கடையைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிக்குள் விற்காததைப் பிள்ளைகள் பையில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். உடனே காலையில் வாசலில் பைகளைச் சோதிக்க முதல்வர் ஏற்பாடு செய்தார். விற்பதைப் பற்றித்தானே விதி, கொண்டுவருவதைப் பற்றி அதில் இல்லையே என்று நான் கேட்டேன். "நோக்கம் ஒண்ணுதானே மேடம்" என்றார். அதுவும் சரிபோலத்தான் இருந்தது. எதைக் கேட்டாலும் சரிபோலவே இருந்தது, அந்த நாட்களில்.

ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், எனக்குப் பாடம் இல்லாத நேரம். கேன்டீனில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். என் வகுப்புதான். அதிகம் பேசமாட்டாள், ஆனால் செய்யுளை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பிப்பாள். வந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"என்ன அம்மிணி, வெயில்ல ஓடுனியா?" என்று அக்கா கேட்டார்.

"அக்கா, இனிப்பா ஏதாச்சும் குடுங்க."

"இனிப்பெல்லாம் இல்லையே கண்ணு. மோர் குடிக்கறயா? உப்புப் போட்டுத் தாரேன்."

"உப்பு வேண்டாமுங்க. இனிப்பு." அவள் குரல் குழறியது. கை நடுங்கியது. நான் எழுந்துபோய்ப் பிடித்து உட்கார வைத்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"என்னம்மா பண்ணுது? காலையில சாப்பிட்டியா?"

"டீச்சர், எனக்குச் சுகர். சுகர் இறங்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினாலு வயதுப் பெண்ணுக்கா சர்க்கரை? சர்க்கரை என்றால் இனிப்புச் சாப்பிடக் கூடாது. எனக்கு மருத்துவர் சொன்னது அதுதான். என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததும் அதுதான். இவளோ சர்க்கரை நோய் என்று சொல்கிறாள், அதே மூச்சில் இனிப்பைக் கேட்கிறாள். மயக்கத்தில் மாற்றிச் சொல்கிறாளா?

"உனக்குச் சுகர்னா இனிப்பு குடுக்கக் கூடாதேம்மா" என்றேன்.

"இப்ப குடுக்கணுமுங்க டீச்சர்!" அழுதுவிட்டாள். "காலைல ஊசி போட்டாச்சு. சாக்லேட் வச்சிருந்தேன், கேட்டுல எடுத்துக்கிட்டாங்க. சீக்கிரம் குடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். பிளாஸ்க்கைக் குலுக்கினேன், காலி. கொய்யாப்பழத்தை நறுக்கலாமா என்று கத்தியை எடுத்தேன். அவளால் மெல்ல முடியுமா என்று தோன்றி வைத்துவிட்டேன். "நீங்க புள்ளயப் புடிச்சுக்கோங்க, நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். ஐம்பது மீட்டர் என்பது காகிதத்தில் சின்னத் தூரம். மைதானத்தைத் தாண்டி, வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொல்லி, சாலையைக் கடந்து, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. தூங்கிவிடக் கூடாது என்று ஏதேதோ பேச்சுக் கொடுத்தேன். செய்யுள் சொல்லச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அக்கா மூச்சிரைக்க வந்தார். கையில் ஆரஞ்சுக் கலர் பாட்டில். பெற்றோருக்கு நானே எழுதிய சுற்றறிக்கையில், கூடாதவற்றில் முதலில் நிற்கும் பண்டம். மூடியைத் திறந்துகொண்டே, "குடுக்கட்டுங்களா டீச்சர்? நீங்க சொல்லுங்க, குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் கேட்கிறாள், அவள் உடம்பு அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான் என்னிடம் இருந்த நியாயம். "குடுங்க" என்றேன். பாட்டிலை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். கொஞ்சம் சட்டையில் வழிந்தது.

நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் நடுக்கம் குறைந்தது. பிறகு கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தாள். முதலில் அவள் சொன்னது, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர்."

எப்படிச் சொல்லாமல் இருப்பது? முதல்வர் தன் காரிலேயே அவளைத் திருச்செங்கோட்டில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொன்னார். நானும் போனேன். மருத்துவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, கலர் கொடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார். இது வேறு வகையாம். இவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை; ஊசியில் போட வேண்டும். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குத் தப்பினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அப்போது இனிப்புதான் மருந்து. "உங்களுக்கு இருக்கிறதும் சர்க்கரைதான், இவளுக்கு இருக்கிறதும் சர்க்கரைதான். பேருதான் ஒண்ணு" என்றார். நான் தலையாட்டினேன். பாதிதான் ஏறியது.

அவள் அம்மா அங்கேயே வந்துவிட்டார். நூல் மில்லில் வேலை. வேலைச் சட்டையோடு வந்திருந்தார், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், யாராருக்குத் தெரியுமுங்க இது?"

"நான், முதல்வர், கேன்டீன் அக்கா. பள்ளிக்கூடத்துல முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க?"

"பொட்டப்புள்ளைங்க. தெனமும் ஊசின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவனுங்க கட்டுவான்? எங்கூட்டுக்காரரு சொந்தத்துக்கே தெரியாதுங்க. நீங்களும் ஆருகிட்டயும் சொல்லாதீங்க சாமி."

அவரிடம் கோபப்பட முடியவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. தெரியாததால்தானே இன்று இப்படி ஆனது? சொன்னால் அந்த அம்மா பயப்படுவது நடக்காது என்று என்னால் உறுதி கொடுக்க முடியுமா? இந்த ஊரில்தானே நானும் இருக்கிறேன். பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு மட்டும் சொல்வது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று கடைசியில் பேசி முடித்தோம்.

மறுநாளே பைச் சோதனை நின்றது. முதல்வர் அதற்குக் காரணம் சொல்லவில்லை. கேன்டீனில் மறுபடி ஒரு சர்க்கரை டப்பா வந்தது. "விக்கலைன்னா விதிக்குள்ள வராது" என்றார் முதல்வர், சொல்லிவிட்டு, "வராதுதானே மேடம்?" என்று என்னிடமே கேட்டார். அக்கா சுண்டலில் தேங்காயும் மாங்காயும் தாராளமாகப் போட ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் அதை வாங்கித் தின்றார்கள். அப்புறமும் சிலர் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். விதி தேவையில்லை என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அதைக் கையில் பிடிக்கப் பார்த்தபோதுதான் விரலிடுக்கில் நழுவியது.

பாட நேரத்தில் அவள் மட்டும் சில நாள் பிஸ்கெட் தின்றாள். நாங்கள் ஆசிரியர்கள் பார்த்தும் பாராமல் இருந்தோம். பிள்ளைகளின் கண் சும்மா இருக்குமா? ஒரு நாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது முன்பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், எங்க பையிலிருந்து எல்லாத்தையும் புடுங்குனீங்க. அவ மட்டும் கிளாஸ்லயே திங்கறா. ஏனுங்க மிஸ்?"

வகுப்பு என் வாயைப் பார்த்தது. அவள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் நியாயமான கேள்வி ஒரு பக்கம். முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

பிஸ்கெட் தின்றவளே எழுந்து நின்றாள். "எனக்குச் சுகர் இருக்குது. டைப் ஒன். தெனமும் ஊசி போட்டுக்கறேன். சில நேரம் சுகர் இறங்கிரும், அப்ப சாப்பிடலைன்னா மயக்கம் வந்துரும்" என்றாள். செய்யுள் ஒப்பிக்கும் அதே குரல். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கேள்வி கேட்டவள் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று மாலையே அம்மா வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ. வராந்தாவில் என்னை நிறுத்தி, "நீங்க சொல்லச் சொன்னீங்களா?" என்று கேட்டார். கண் சிவந்திருந்தது.

"இல்லீங்க. அவளாத்தான் சொன்னா."

"நீங்க தடுக்கலீங்களா?"

"தடுத்திருக்கணுமா வேண்டாமான்னு எனக்கு இப்பவும் தெரியலீங்க" என்றேன். அதுதான் உண்மை.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். பேருந்துக்கு வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். இவள் அதில் எங்கே நிற்கிறாள் என்று தேடினார் போலிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ளைங்க என்னங்க சொல்லுச்சுங்க?" என்று கேட்டார்.

"ஊசி வலிக்குமான்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கலீங்க. ஒருத்தி மட்டும், நீ போடறப்ப நான் ஒரு தடவை பாக்கலாமான்னா."

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப் போகிறாரா, அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். "வலிக்குமான்னு கேட்டதுக்கு இவ என்ன சொன்னாளுங்க?" என்றார்.

"அம்மா போட்டா வலிக்காது, நானாப் போட்டாத்தான் வலிக்கும்னா."

அவர் பேருந்து வரிசையை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்று, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மறுபடி நடந்தார்.