மிச்சமான நாற்காலி

ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. வண்டி தாமதமானாலும் சரி, ரத்தானாலும் சரி, ஒரே குரல்தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தக் குரலை நம்பித்தான் நூலகத்துக்காரர்கள், பார்வையற்றவர்கள் கேட்பதற்காக ஒரு சிறுகதையைப் பதிவு செய்து தரச் சொன்னார்கள். அவளும் ஒரு லீவு நாளில் கடகடவென்று வாசித்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு போன். கதையைக் கேட்ட டெலிபோன் ஆபரேட்டர், கண் தெரியாதவர்.

"நல்லா வாசிச்சிருக்கீங்க மேடம். ஒரு சந்தேகம். 'அப்பா போனார். வீட்டில் ஒரு நாற்காலி மிச்சமானது'ன்னு வருதே, அதைச் சொல்ற மகன் சிரிக்கிறானா, அழறானா?"

"எழுதியிருக்கிறதை அப்படியே வாசிச்சேன் சார்."

"அதான் கேக்கறேன். எந்த பிளாட்பாரத்துல வண்டி வருதுன்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு."

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி காதுக்குள் வண்டாய்க் குடைந்தது.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவனிடம் அந்த வரியைக் கிண்டலாக வாசித்துக் காட்டினாள். கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு குலுங்கிச் சிரித்தான். "செம நக்கல்! அப்பனுக்கும் மகனுக்கும் ஆகவே ஆகாது போல."

நாத்தனாரிடம் அதையே தழுதழுத்து வாசித்தாள். அவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன அண்ணி, நீங்களே அழுதுட்டா நான் எப்ப அழறது?"

மறுநாள் ஓய்வறையில் கதையை முதலிலிருந்து வரி வரியாய்ப் பார்த்தாள். மகன் அப்பாவை ஓர் இடத்தில்கூடத் திட்டவில்லை. புகழவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பெஞ்சை இழுத்துப் போடுகிறான். அந்த நாற்காலியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. 'மிச்சம்' என்ற சொல்லில் வந்து நின்றாள். காசு மிச்சம் என்றால் லாபம். ஆள் போனபின் மிச்சமிருப்பது லாபமா? சொல்கிறவன் குரலில் கேலி, கேட்கிறவர் நெஞ்சில் பாரம். இரண்டும் ஒன்றில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மறுபடி பதிவு செய்தாள். அந்த வரியை லேசான கேலியோடு சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல் கொஞ்சம் தயங்கினாள்.

அதைக் கேட்டுவிட்டு ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"சார், இந்தத் தடவை மகன் சிரிக்கிறானா, அழறானா?"

"சிரிக்கிறான் மேடம். நானும் சிரிச்சேன். அப்புறம் என்னவோ மாதிரி ஆயிடுச்சு."

அன்று மாலையே நூலகத்துக்குப் போய் இன்னொரு கதை கேட்டாள்.

"சோகக் கதையா, சிரிப்புக் கதையா?" என்றார் நூலகர்.

"ஐயோ, சொல்லிடாதீங்க! அதை நானே கண்டுபிடிச்சுக்கறேன்."