சிவப்பு அட்டைக் கவிதை

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களைச் சோதிப்பவள் நான். பழுதான பாகத்தில் கட்டும் சிவப்பு அட்டையின் பின்புறம், சாப்பாட்டு நேரத்தில் கவிதை எழுதுவேன். ஒருநாள் அவசரத்தில், மெஷினில் விரலைப் பறிகொடுத்த தோழி செல்வியைப் பற்றி எழுதிய அட்டையையே ஒரு பாகத்தில் கட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் அதைக் கையில் பிடித்தபடி வந்தார். "இன்னாம்மா, கம்பெனியப் பத்தி எழுதிக்கினு கீறியா? கிழிச்சிப் போடு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவர் எதிரிலேயே கிழித்தேன். வரிகள்தான் மனப்பாடமாயிற்றே! வீட்டுக்குப் போகும் ரயிலிலேயே மறுபடி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன், பயத்தில் புனைபெயரோடு.

அச்சில் வந்ததைச் செல்வியிடம் காட்டினேன். "வெரலு போன என் பேரு கீது. உன் பேரு எங்கடி?" என்றாள்.

இப்போது எல்லாவற்றிலும் என் பெயரையும் ஊரையும் போடுகிறேன். இதிலும்தான். சூப்பர்வைசர் சார் படிக்கட்டும்.

- அ. மேரி, கவரைப்பேட்டை